தசரதன் ஏற்றுக்கொண்ட கேஸ்

செங்கம் ரோட்டில் எங்கள் கார் ஸ்டாண்டில் தசரதனைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருத்தன். ஆள் கெட்டவர் இல்லை. நல்லவராக இருப்பதை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார், அதுதான் தாங்காது.

இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டி ஒரு ரூபாய் அபராதம்கூடக் கட்டாதவர். லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். யாராவது போனைக் காதில் வைத்தபடி ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பினால் போதும், ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் மாட்டுவது நான்தான்.

"மாறா, பேசிக்கினே வர்றியே, மொத தடவ மாட்டினா ஆயிரம். ரெண்டாவது தடவ பத்தாயிரம். சீட் பெல்ட் ஆயிரம். ஹெல்மெட் ஆயிரம். ஆம்புலன்ஸுக்கு வழி உடலன்னா பத்தாயிரம். குடிச்சிட்டு ஓட்டினா அதுவும் பத்தாயிரம், இல்லன்னா ஆறு மாசம் உள்ள."

"உனக்கு இன்னாண்ணா கமிஷனா வருது?" என்று கேட்பேன். ஸ்டாண்டே சிரிக்கும். அவருக்கு உறைக்காது. பௌர்ணமி அன்றைக்கு கிரிவலப் பாதையில் வண்டி விடக்கூடாது என்றால் நாங்கள் சந்து பொந்தில் புகுந்து சவாரியை இறக்கிவிட்டு வருவோம். அவர் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, "நடந்து போங்க சார், புண்ணியம்" என்பார். சவாரி திட்டிக்கொண்டே இறங்கும்.

அவருடைய முதலாளி சுப்பிரமணி. ஆசிரமம் பக்கம் கெஸ்ட் ஹவுஸும் மூன்று கார்களும் வைத்திருப்பவர். அதில் இன்னோவாவைப் பதினான்கு வருஷமாகத் தசரதன்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் டிரைவர் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் முகம் கோணும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வீட்டு ஆள் வண்டியை எடுத்துப் போய் எங்காவது இடித்துவிட்டால், டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய் "நான்தான் ஓட்டினேன்" என்று உட்காருவான். கேஸ் ஏத்துக்கறது என்று பேர். பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். ஏற்றுக்கொள்ளாதவனுக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. அந்தக் கருமத்தை நாங்கள் விசுவாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். நானும் தசரதனும் ஸ்டாண்டுக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் போன் வந்தது. வேங்கிக்கால் ஏரி பக்கம் உடனே வரச் சொல்லி சுப்பிரமணி கத்தினது எனக்கே கேட்டது. என் பைக்கில்தான் இரண்டு பேரும் போனோம்.

இன்னோவா ரோட்டோரம் கோணலாக நின்றது. முன்னால் ஒரு மொபெட் நசுங்கிக் கிடந்தது. அதில் வந்தவர்கள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி. ராமன், சரசு. சரசு ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்குள் படுத்திருந்தாள். ராமனை அப்போதுதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கால் ஒடிந்து தொங்கியது. தசரதன் அவரைப் பார்த்து முதலில் சொன்னது, "ஹெல்மெட் போடல பாரு."

கெஸ்ட் ஹவுஸில் சும்மா நின்ற வண்டியை எடுத்து ஓட்டியது சுப்பிரமணியின் மகன் கலையரசன். வயது பதினேழு. இடித்த உடனே இறங்கி ஓடி, பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை வீட்டுக்குள் புகுந்துவிட்டான். சுப்பிரமணி நடுங்கிக்கொண்டு நின்றார். அவரிடம் விவரத்தைச் சொன்னது யார் தெரியுமா? நம் ஆள்தான்.

"மொதலாளி, பையனுக்குப் பதினெட்டு ஆவல. அவன் ஓட்டினான்னா உங்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். இருபத்தஞ்சாயிரம் ஃபைன். வண்டி ஆர்சிய ஒரு வருஷம் கேன்சல் பண்ணிடுவாங்க. பையனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸே தர மாட்டாங்க."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். அதைக் கேட்டதும் சுப்பிரமணி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தசரதா, நீதான் காப்பாத்தணும். காலுதான ஒடஞ்சிருக்கு. உன் மேல ஒரு கேஸ் கூட கெடயாது. ஃபைனோட முடிஞ்சிடும்."

தசரதன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆவாதே மொதலாளி?"

"நான் இருக்கேன்ல."

தன் சுத்தமான பெயரைப் பார்த்துச் சட்டமே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்று அந்த மனிதர் நம்பினார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்டிருக்கவும் மாட்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி தனம், "வேலில போற ஓணானப் புடிச்சி மடியில உட்டுக்கினியே, உனக்கு மூள கீதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சரசு பார்த்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் கையில் கட்டோடு படுத்திருந்தவள் எஸ்.ஐ.யிடம் தெளிவாகச் சொன்னாள்.

"மஞ்ச பனியன் போட்ட பையன் சார். மீசகூட இல்ல. டிரைவர் சீட்லருந்து எறங்கி என்னப் பாத்தான், ஓடிட்டான்."

எஸ்.ஐ. தசரதனைக் கட்டிலருகே கூப்பிட்டார். நான் வாசலில் நின்றேன்.

"நான்தாம்மா ஓட்டினேன்" என்றார் தசரதன். பிறகு அவராகவே, "நீ மயக்கத்துல இருந்த. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த இரண்டாவதைச் சொல்லச் சொல்லி யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்ற வேலையைச் சுத்தமாகச் செய்வது அவர் சுபாவம்.

நான்காம் நாள் ராமன் செத்துப்போனார். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். காயம் என்று போட்டிருந்த கேஸ் சாவு என்று மாறியது. தசரதன் வேர்த்துக்கொட்ட சுப்பிரமணியிடம் ஓடினார்.

"இப்ப மாத்திச் சொன்னா, பொய் வாக்குமூலம் குடுத்தன்னு அதுக்கும் உன்னத்தான் உள்ள வெப்பாங்க" என்றார் சுப்பிரமணி. குரலில் நடுக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. "வக்கீல் பாத்துப்பாரு. நீ கொஞ்ச நாள் வூட்ல இரு."

முதலில் ஆர்டிஓ ஆபீஸில் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் தசரதன் மொபெட்டைக்கூடத் தொடவில்லை. எங்கே போனாலும் நடைதான். "சும்மா ஓட்டுண்ணா, எவன் பாக்கறான்" என்றோம். "சஸ்பென்ஷன்ல ஓட்டினா அது தனி கேஸுடா" என்றார். கொலைப்பழியைத் தலையில் வைத்துக்கொண்டு மொபெட் கேஸுக்குப் பயந்த ஆள் அவர்.

இன்னோவாவுக்கு டிரைவர் வேண்டுமே. சுப்பிரமணி என்னைக் கூப்பிட்டார். போனேன். தசரதனுக்கு அது தெரிந்தபோது, "கிளட்ச்ச பாத்து மிதி, கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருக்கலாம் மனுஷன்.

கேஸ் இழுத்தது. சரசு முதலில் வந்த வாய்தாக்களில் மஞ்சள் பனியனையே சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவரே ஒத்துக்கொண்ட பிறகு இது என்ன கூத்து என்று எல்லோரும் எரிந்து விழுந்தார்கள். அவளுடைய அண்ணன் அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை கொடுத்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட எந்தப் பையனைப் பார்த்தாலும் கத்துகிறாள் என்று மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த வருஷம் அவள் கோர்ட்டுக்கு வந்தபோது உடம்பு உப்பி, நடை தளர்ந்து, வேறு ஆளாக இருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த தசரதனிடம் தானாகவே வந்தாள்.

"அண்ணா, என்ன மன்னிச்சிடுங்க. நீங்களே ஒத்துக்கினப்புறமும் வேற யாரோ ஒரு பையன் மேல பழி போட்டுட்டேன். எனக்குத் தல சரியில்லயாம்."

தசரதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பரவால்லம்மா" என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வராந்தாவில் பழியைச் சுமந்தவரும் அடுத்தவன் பாவத்தின் பலனைச் சுமந்தவளும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் வண்டிச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

தீர்ப்பு நாளில் வக்கீல் தசரதனின் இருபத்திரண்டு வருஷத்துச் சுத்தத்தை எடுத்துச் சொன்னார். இவ்வளவு அனுபவம் உள்ளவர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார் ஜட்ஜ். ஒரு வருஷம் ஜெயில். ஐந்து வருஷத்துக்கு வண்டி ஓட்டத் தகுதி இல்லை. ஜெயில் என்றபோது அசையாமல் நின்றவர், ஐந்து வருஷம் என்றதும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வேலூர் ஜெயிலில் இருந்த வருஷத்தில்தான் கலையரசனுக்கு நான் முறையாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டான்.

வெளியே வந்த தசரதன் நேராகக் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார். லைசென்ஸ் வரும்வரை வேறு ஏதாவது வேலை, வந்த பிறகு பழையபடி வண்டி என்று கேட்டார். சுப்பிரமணி முகம் மாறாமல் சொன்னார்.

"வண்டி இனிமே எப்பிடிப்பா? ஆளக் கொன்ன டிரைவர்னு தெரிஞ்சா கெஸ்ட்டு எவன் ஏறுவான்? வேணும்னா கேட்ல நில்லு."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். சுப்பிரமணி நடிக்கவில்லை. மூன்று வருஷத்தில் அவரும் அதை நிஜமாகவே நம்பிவிட்டார். நம்பிக்கொள்வது அவருக்கு வசதி. தசரதன் கேட்டில் நின்றார். கலையரசன் காரில் வரும்போது ஓடிப்போய்த் திறந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேல்கோர்ட்டில் அப்பீல் போடலாமாம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாமாம். ஓட்டியது வேறு ஆள் என்று நேரில் பார்த்த சாட்சி வந்து சொன்னால் தண்டனை விலகும், லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வக்கீல் சொன்னாராம்.

"அந்தம்மா பாத்திருக்குதுடா. கரெக்டா பாத்திருக்குது. அது வந்து சொன்னா போதும்." அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. "கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பைக்க எடுடா."

சரசு வீட்டு வாசலில் மணிலாக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். தசரதன் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சுப்பிரமணி கையைப் பிடித்தது, பையன் அத்தை வீட்டுக்குள் ஓடியது, ஆஸ்பத்திரியில் தான் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

அவள் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு, "மஞ்ச பனியன்தான?" என்றாள்.

"ஆமாம்மா."

"மீச இல்லாத பையன்."

"ஆமா."

எழுந்து உள்ளே போனாள். ஒரு துணிக்கடைப் பையோடு வந்து அதை அவர் காலடியில் கொட்டினாள். எல்லாம் டாக்டர் சீட்டு, காலி மாத்திரை அட்டை.

"மூணு வருஷம். என் பொண்ண என்கிட்ட உடறதில்ல தெரியுமா? தல சரியில்லாதவகிட்ட பொம்பளப் புள்ள இருக்கக் கூடாதுன்னு எங்கண்ணன் எடுத்துக்கினு போய்ட்டான். நானும் சரின்னு அனுப்பிட்டேன். என் கண்ணயே நான் நம்பல. எந்தக் கோர்ட்டுக்கு வேணா வந்து சொல்றேன். ஆனா பைத்தியக்காரி சாட்சிய எவன் எடுத்துக்குவான்?"

தசரதன் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கப் போனார். அவள் தடுத்தாள்.

"எம்புருஷன் செத்தப்ப நீ வந்து சொல்லல. எனக்குப் பைத்தியம்னு சொன்னப்ப வர்ல. நான் உன்னாண்ட வந்து மன்னிப்பு கேட்டேன், அப்பவும் சொல்லல. இப்ப உன் லைசென்ஸுக்கு வந்துட்ட. அந்தப் பையனாவது பயந்து ஓடனான். நீ கட்டில் பக்கத்துல வந்து நின்னு பொய் சொன்ன. போ."

அவள் மறுபடி மணிலாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரை பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அங்கே தசரதன் நின்றார்.

"மாறா, அன்னிக்கு ரெண்டு மணிக்கு நீ என்கூட டீக்கடைல இருந்த. போன் வந்ததும் நீதான் கூட்டிக்கினு போன. உனக்குத் தல நல்லாத்தான இருக்குது? நீ வந்து சொல்லு."

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். பதிலும் கையிலேயே இருந்தது.

"நான் இப்ப அவங்க வண்டில இருக்கேன்ணா. எனக்கும் ரெண்டு பசங்க."

அவர் கெஞ்சவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தீர்த்திருப்பேன். "நீ கெளம்பு, நான் பஸ்ல வரேன்" என்றார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.