ஐந்தாம் பாகத்து அராபெர்

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மூன்று பேரும் என் வாய்க்குப் பயந்து ஓடிப்போனவர்கள். அதனால் நான்காவது ஆள் வருவதற்கு முந்தின நாளே அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஒரு நாளைக்காவது வாயை அடக்கிக்க. கேட்டதுக்கு ஆமா, இல்லைன்னு சொல்லு. அது போதும்."

சரி என்றேன். நான் சொன்னதை அம்மா நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. முன்னறையில் டிவி, அதற்குக் கீழே ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் ஹட்டனில் ஒரு டிஸ்க் கடையில் வாங்கி வந்தது. யாரோ மெமரி கார்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. கூடவே ஒரே ஒரு டிஸ்க். அதன் மேல் கடைக்காரர் கறுப்புப் பேனாவால் ஐந்து என்று எழுதியிருந்தார். பாகம் பாகமாக இன்னும் வந்துகொண்டே இருக்கிற ஒரு பெரிய வரிசையில் அது ஐந்தாம் பாகம். ஒரு வீரன் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, சண்டை போட்டு, கதையை முடிக்க வேண்டும்.

எல்லாம் ஜப்பான் எழுத்து. ஒரு மண்ணும் புரியாது. வீரனின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. எழுத்துக் கூட்டி 'அராபெர்' என்று வாசித்தேன். கார்டில் யாரோ ஏற்கெனவே விளையாடிச் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்துதான் என்னால் தொடங்க முடிந்தது. கடல் நடுவே உடைந்த பலகை ஒன்றைப் பிடித்தபடி அராபெர் தனியாக மிதந்து வருகிறான். அந்த முதல் காட்சியிலேயே நான் விழுந்துவிட்டேன். அவனுக்கு யாருமில்லை, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டு பள்ளித் தவணை லீவு முழுக்க உட்கார்ந்து அவனைக் கரைசேர்த்தேன்.

பிறகு நாலைத் தவிர மற்றப் பாகங்களும் கைக்கு வந்தன. அண்ணனும் அவன் கூட்டாளிகளும் கூடினால் எந்தப் பாகம் உசத்தி என்ற சண்டைதான். பாட்டுக்கு ஏழு என்பான் ஒருத்தன், சண்டைக்கு ஒன்பது என்பான் இன்னொருத்தன். நான் ஐந்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. இணையத்தில் தேடிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அங்கே ஐந்தாம் பாகத்தில் அராபெர் என்று ஒருத்தனுமே இல்லை. உலகம் முழுக்கத் தப்பாக எழுதி வைத்திருக்கிறது என்று திட்டிவிட்டுப் போனை மூடிவிட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கையோடு அவர்களும் வந்துவிட்டார்கள். டயகமவிலிருந்து அவரும் அவருடைய அத்தையும். நுவரெலியாவில் போன் திருத்தும் கடையில் வேலையாம். ஆள் குள்ளம். சிரித்தால் கண் காணாமல் போய்விடுகிறது. தேத்தண்ணித் தட்டை நீட்டியபோதே எனக்குப் பிடித்துப்போனது. அதை நினைத்துத்தான் பயமாக இருந்தது. மற்ற மூன்று பேர் போனபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் போனால் வலிக்கும்.

"ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசுங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுப்படிப் பக்கம் ஒதுங்கினார்கள். அவர் டிவிக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"அட, இந்தப் பெட்டியா! இதுல அந்த வரிசை விளையாடியிருக்கீங்களா?"

"ஆமா." அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

"அதுல நாலாம் பாகந்தாங்க பெஸ்ட். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சும்மா."

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"சும்மாவா? அஞ்சாம் பாகத்தைப் பாத்துட்டுத்தான் பேசுறீங்களா?"

"நாலோட முடிவுக்குக் கிட்ட எதுவும் வராதுங்க. கப்பல் மூழ்குது, எல்லாரும் போயிடுறாங்க, அப்புறம் கறுப்புத் திரை, நடுவுல ரெண்டு வரி எழுத்து. அவ்வளவுதான். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல."

"அப்புடி மூழ்கடிச்சு அழவைக்கிறது பெரிய வேலையா? எங்க அஞ்சு அந்தக் கடல்லதாங்க ஆரம்பிக்குது. பலகையைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தன் தப்பிச்சு வர்றான். அராபெர் மாதிரி ஒரு ஆள் எந்தப் பாகத்துலயும் கெடையாது!"

என் குரல் லயத்தின் முதல் காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும். அடுப்படியிலிருந்து அம்மா "மாதாவே" என்றது எனக்குக் கேட்டது. இவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, நான்காவதும் போச்சு என்று நினைத்தேன்.

"என்ன பேர் சொன்னீங்க?"

"அராபெர்."

"அது அராபெர் இல்லைங்க." அவர் கண் காணாமல் போயிற்று. "அரைப்பேர்! நான் வச்ச பேருங்க அது."

தோட்டத்தில் எடுத்த தேயிலைக் கொழுந்து சொன்ன நிறைக்குக் காணாவிட்டால் அன்றைக்கு அரைநாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். அதுதான் அரைப்பேர்; நிறை சரியாக இருந்தால் முழுப்பேர். என் அம்மாவுக்கே எத்தனையோ நாள் விழுந்திருக்கிறது. தினமும் காதில் விழுகிற சொல்லை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு, ஏதோ சீமைப் பெயர் என்று இத்தனை வருடம் உருகியிருக்கிறேன்.

"எதையும் பாதியில விட்டுருவேன்னு லயத்துல எனக்கு அதாங்க பட்டப்பேர். கொழும்புக்கு வேலைக்குப் போறப்ப பெட்டியையும் கார்டையும் ஹட்டன் கடையிலயே குடுத்துட்டுப் போயிட்டேன். நாலு நம்பர் போட்ட டிஸ்க் மட்டும் இன்னும் வீட்டுல கெடக்குது." சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ! நான் நாலுல வச்ச பேரு உங்க அஞ்சுல வருதுன்னா, அந்தக் கறுப்புத் திரையில இருந்தது முடிவு இல்லைங்க. அடுத்த டிஸ்க்கைப் போடுன்னு இருந்திருக்கும்! ஒரே கதையோட ரெண்டு டிஸ்க்கை நாலு, அஞ்சுன்னு நம்பர் போட்டு வித்திருக்காரு கடைக்காரர்."

"அப்ப அவன் சாகலையா?" என்று அவரே மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. நான் கரைசேத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இவர் பாதியில் விட்டுப்போன ஆளைத்தான் மீதித் தூரம் நான் கூட்டிப்போயிருக்கிறேன். சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கும் அப்படியே. சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"சண்டை போட்டாங்க, இப்ப சிரிக்கிறாங்க. என்னம்மா, எங்க புள்ளைக்கு என்ன சொல்ற?"

"முழுப்பேரே போட்டுருங்க அத்தை" என்றேன். அம்மா உட்படக் காம்பராவே சிரித்தது.

கல்யாணமான முதல் லீவு நாளில் அவர் வீட்டு டிஸ்க்கைப் போட்டு முதலிலிருந்து தொடங்கினோம். வீரனுக்குப் பெயர் கேட்டது. முழுப்பேர் என்று அடித்துப் பார்த்தோம். ஆறு எழுத்துக்குத்தான் இடம், கடைசி எழுத்து உள்ளே போகவில்லை. பழைய பெயரையே வைத்தோம். ஆட்டம் முழுக்க, முதல் டிஸ்க்தான் உசத்தி என்று அவரும், இரண்டாவதுதான் என்று நானும் விடாமல் மல்லுக்கட்டினோம். நாலைந்து லீவு கழித்துக் கப்பல் மூழ்கியது. கறுப்புத் திரை வந்தது. பழக்கதோஷத்தில் அவர் எழுந்துவிட்டார்.

கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க. இனிமேத்தான் என் பாகம்."