ஸ்டே கம்பியும் பருத்தி வண்டியும்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எட்டயபுரம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் ஓட்டு வீடு. அதைத் தாண்டினால் கரிசல் காடுதான். என் கணவருக்கு மில்லில் மின்சாரப் பிரிவில் வேலை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ரேடியோதான் அவருக்கு உலகம். பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை. சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே தூர தேசத்துக்காரர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ.

அதற்காக அந்தப் பங்குனியில் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் ஒரு பனை உயரத்துக்குக் குழாய்க் கம்பம் நட்டார். உச்சியில் அலுமினியக் குழாய்களால் செய்த ஏரியல். அதைத் திசைக்குத் திசை திருப்ப, பட்டாளத்தில் கழித்துப் போட்ட மோட்டார் ஒன்றைச் சென்னையில் வாங்கி வந்து மாட்டியிருந்தார். வீட்டுக்குள் சுவிட்சைப் போட்டால் மேலே ஏரியல் மெல்லத் திரும்பும். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கம்பம் சாயாமல் இருக்க நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்து, இரும்பு முளைகளைத் தரையில் அறைந்து கட்டியிருந்தார்.

எதிரே கயிறும் இரும்புச் சாமானும் விற்கிற பாய் கடை. அவருக்கு எங்கள் மேல் கோபம். என் கணவர் பேச ஆரம்பித்தால் பாய் கடை ரேடியோவில் பாட்டு நின்றுபோய்க் கரகரவென்று இவர் குரல் கேட்குமாம். இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்தார். பிறகு எங்களோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

சித்திரைக் கடைசியில் கோடை மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் ஏரியல் ஒரே திசையில் நின்றுவிட்டது. மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கம்பத்தில் வைத்திருந்த படிக்கம்பிகளை மிதித்து உச்சிக்கு ஏறினார். கேட்கிற ஸ்பேனரை வாளியில் வைத்துக் கயிற்றில் மேலே அனுப்புவதும், ஸ்டே கம்பிகளைக் கவனிப்பதும் என் வேலை.

கரிசல் மண்ணை நான் அதுவரை அறிந்தவள் இல்லை. நான் பிறந்தது ஆற்றுப் பாசனத்து ஊர். கோடையில் கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். காய்ந்து கல்லாக இருந்தபோது அறைந்த முளைகள் அவை. வெடிப்புக்குள் மழை இறங்கியதும் அடி மண் களியாகிவிட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அவர் மேலே மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேற்கே காற்று கொஞ்சம் எழும்பியது. சாலையோர முளையைச் சுற்றி மண் வாய் பிளப்பதைப் பார்த்தேன். முளை கண்ணெதிரே மேலே வந்தது. கம்பம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது.

"ஏங்க, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ரோட்டுப் பக்கத்து முளை கெளம்புது."

அவர் ஸ்பேனரை இடுப்பில் செருகிவிட்டுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். இறங்கலாம் என்றால் ஒவ்வொரு படிக்கும் கம்பம் ஆடும். கம்பத்தோடு தன்னைக் கட்டியிருந்ததால் அது விழுந்தால் அவரும் அதனோடுதான் விழ வேண்டும். நான் ஓடிப்போய் முளைமேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். என் பாரம் அதற்குப் போதவில்லை. என்னையும் சேர்த்துத் தூக்கியது. அப்போதுதான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

முதலில் ஓடி வந்தது பாய். ஒரு பார்வை பார்த்தார். திரும்பிக் கடைக்கு ஓடி, புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதே நேரம் எட்டயபுரம் பக்கமிருந்து பருத்திப் பொதி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. பாய் நடுச்சாலையில் நின்று அதை மறித்தார்.

"அண்ணாச்சி, வண்டிய இங்கன எறக்கும். மேல ஒரு ஆளு நிக்காவ."

வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். மாடுகளை அதட்டிச் சாலைக்கும் முளைக்கும் நடுவே இருந்த ஈரத் தரையில் வண்டியை இறக்கினார். சக்கரம் சேற்றில் புதைய ஆரம்பித்தது.

"வண்டி பதியுது அண்ணாச்சி" என்றார் பாய்.

"பதியட்டும். பதிஞ்சாத்தான் பிடிக்கும். மாட்ட அவுத்துருதேன். பூட்டியிருந்தா மிரண்டு இழுத்துரும்."

மாடுகளை அவிழ்த்து விட்டு நுகத்தடியைத் தரையில் இறக்கினார். ஸ்டே கம்பியின் நுனிக்கும் வண்டிச் சக்கரங்களைக் கோத்த இருசுக்கும் இடையே பாய் கயிற்றை இரண்டு மூன்று சுற்றாகக் கட்டினார். பிறகு வண்டிக்காரர் நுகத்தில் மாட்டியிருந்த பூட்டுக்குச்சியை உருவி, கயிறுகளின் நடுவே செருகி முறுக்கினார். முறுக்க முறுக்கக் கயிறு விறைத்தது. சாய்ந்த கம்பம் கொஞ்சங் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"இப்ப எறங்குங்க தம்பி. பையப் பைய" என்று பாய் குரல் கொடுத்தார்.

அவர் இறங்கி வந்து தரையில் கால் வைத்தபோது நான் அந்த முளையை விடவில்லையாம். "விடு, நான் வந்துட்டேன்" என்று அவர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முகம், சேலை எல்லாம் கரிசல் சேறு. என்னைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அப்படி ஒரு ஆறுதலான அழுகை.

அதற்குப் பிறகுதான் பெரிய பாடு. அதற்குள் கூடிவிட்டவர்கள் மெல்ல மெல்லக் கம்பத்தைத் தரையில் படுக்க வைத்தார்கள். வண்டியோ இருசு வரைக்கும் புதைந்து கிடந்தது. பொதிகளை இறக்கி, தெரு ஆட்கள் எல்லாம் தோள் கொடுத்துத் தள்ளி, உச்சி வெயிலில்தான் அது சாலை ஏறியது. வண்டிக்காரர் சந்தைக்குப் போகும் நேரம் தப்பிவிட்டதே என்று என் கணவர் வருத்தப்பட்டார். "பருத்தி நாளைக்கும் விக்கும். ஒரு செம்பு தண்ணி குடுங்க தாயி" என்றார் வண்டிக்காரர். மோர் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பாய் மட்டும் போகும்போது என் கணவரிடம், "தம்பி, ரேடியோ விஷயம் அப்படியேதான் இருக்கு. அத நாளைக்குப் பேசுவோம்" என்றார். மறுநாளே பேசி, பாட்டு நேரத்தில் இவர் வாய் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. கம்பத்தையும் திரும்ப நட்டோம். இந்த முறை வெடிப்பு எட்டாத ஆழத்துக்குக் குழி தோண்டி, கெட்டித் தரையில் கான்கிரீட் போட்டு முளை இறக்கினோம். அதன்பின் எத்தனையோ மழை பெய்தும் அது அசையவில்லை. மோட்டாரைச் சரிபார்க்க அவர் எத்தனையோ முறை ஏறியிறங்கினார். நானும் கீழே நின்றேன்.

மனிதர்களைப் பற்றிக் கசப்பாக நினைக்க வைக்கிற காரியங்கள் பின்னால் எனக்கும் நடந்திருக்கின்றன. ஆனால் என்னவென்றே புரியாத என் ஒரு கூக்குரலுக்கு, பேசாதிருந்த ஒருவர் கயிற்றோடு ஓடி வந்ததையும், முன்பின் அறியாத ஒருவர் தன் வண்டியைச் சேற்றில் இறக்கியதையும் நினைத்துக்கொண்டால், அந்தக் கசப்பு என்னிடம் அதிக நேரம் தங்குவதில்லை.