ஒரே மாதிரி மூணு லேப்டாப்

பழைய சாமானை ஆன்லைனில் விற்க, சாமானைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பழைய போனுக்கோ டிவிக்கோ விளம்பரம் போட்டுவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்துக் கிடந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

திருநெல்வேலி ஜங்ஷனில் நான் வேலை பார்க்கும் கடையின் முதலாளி அண்ணாச்சிக்கு ஆன்லைன் வியாபாரத்தில் நம்பிக்கை கிடையாது. ஒரு ரைஸ் மில் ஆபீஸிலிருந்து வந்த மூன்று லேப்டாப்பை என் மேஜையில் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே வயசு, ஒரே விலை.

"மாசம் முடியதுக்குள்ள மூணையும் வித்துக் காட்டு. இல்லன்னா நீ வேற வேலை பாத்துக்கிட வேண்டியதுதான்லே."

கீறல்

முதல் லேப்டாப்பைப் பளபளவென்று துடைத்துப் போட்டோ எடுத்து, 'புதுசு போலவே இருக்கும்' என்று போட்டேன். கேட்டவர்கள் எல்லோரும், "பின்ன ஏன் விக்கிய?" என்றார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய் மட்டும் நேரில் வந்தார். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி ஓரத்தில் நான் கவனிக்காத கீறல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. போச்சு என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பணத்தை எண்ணி மேஜையில் வைத்தார்.

"இதைப் பாத்த பெறவுதான் தம்பி நிம்மதி. போட்டோவுல பாத்தப்போ திருட்டுச் சாமானோன்னு நெனச்சேன்."

கணக்குப்பிள்ளை

அடுத்ததில் ஒரு கீறலைத் தேடிக் கண்டுபிடித்து, அதையே முதல் போட்டோவாகப் போட்டேன். மகளின் காலேஜ் படிப்புக்காக உவரியிலிருந்து ஒரு அக்கா பஸ் ஏறி வந்தார். கீறலை அவர் பார்க்கவே இல்லை. யார் வைத்திருந்தது என்று மட்டும் கேட்டார். மில் கணக்குப்பிள்ளைகளில் ஒருத்தர் என்றேன். இதைவிடக் குறைந்த விலைக்கு ஒரு காலேஜ் பையன் கொடுக்கிறேன் என்றானாம். வேண்டாம் என்று விட்டு வந்திருக்கிறார். ஆன் பண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

"கணக்குப்பிள்ளைன்னா கீயை நோகாம, பைய பையத்தான் தட்டியிருப்பாரு."

முழு விவரம்

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவதற்குக் கீறல், அதை வைத்திருந்த கணக்குப்பிள்ளை, பேட்டரி, அழுத்தினால் அழுந்தாத ஒரு கீ என்று ஒன்று விடாமல் எழுதினேன். மெசேஜ் குவிந்தது, ஆள் வரவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் போன் பண்ணிப் பின்வாங்கினார்.

"இம்புட்டையும் நீரே சொல்லுதீர்னா, சொல்லாதது எம்புட்டு இருக்கும் வே?"

அண்ணாச்சி

மாசக் கடைசி. மூன்றாவது லேப்டாப் அண்ணாச்சியின் கண்ணெதிரே அலமாரியில் சும்மா கிடந்தது. விற்கவில்லை என்று சொல்லப் போனேன். நான் சும்மா இருக்கவில்லை என்று காட்ட, போனை நீட்டினேன். விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் 'இருக்கா?' என்று கேட்டார்கள், எல்லாம் அதில் இருந்தது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எழுந்து போய் லேப்டாப்பை எடுத்துத் தோள் துண்டால் துடைத்தார். விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னார். என் வேலை அவ்வளவுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இம்புட்டு பேரு கேக்கான்னா இதுல என்னமோ இருக்குலே. இது என் மவளுக்கு. நாளைக்கு வேற சரக்கு வருது, போட்டோ எடுக்கப் பாரு."

மூன்றும் போய்விட்டன, வேலையும் பிழைத்தது. எப்படி விற்றாய் என்று மட்டும் யாரும் என்னைக் கேட்டுவிடாமல் இருந்தால் சரி.