இளவரசனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்த ரூபன் அண்ணா

ரூபன் அண்ணா இல்லையாம்.

இன்று காலை அண்ணி போன் எடுத்துச் சொன்னார். நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவராம். ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது... இதெல்லாம் ஒரு வயதா?

புதுக்குடியிருப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். சந்தைக்குக் கிட்ட பிரிண்டிங் கடை வைத்திருந்தவர். கலியாண கார்ட், டியூஷன் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அவர் கையால்தான். கிளிநொச்சிக்கு வேலை மாறி வரும் வரைக்கும் நாலு வருடம் நான் அங்கே டைப் செய்தேன்.

அவருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வந்து சொல்கிறேன் என்றேன். போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மந்திரவாதியும் பறக்கும் மிருகங்களும் வெட்டுக்குத்துமாக ஒரு வெளிநாட்டு சீரிஸ் அப்போது ஓடியது. திங்கட்கிழமை என்றால் கடை வாசலில் ஏழெட்டு பைக் நிற்கும். அண்ணா டவுன்லோட் பண்ணி வைத்த புது எபிசோடை ஏற்றிக்கொண்டு போக எல்லோர் கையிலும் பென் டிரைவ். ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தது போல ஒரு பாவனை வேறு.

மூன்றாவது சீசனில் எங்கள் இளவரசனைக் கொன்றுவிட்டார்கள். ஒரு பாலத்தில் வைத்து, அவன் நம்பிய ஆளே முதுகில் குத்தினான். ஹீரோவைச் சாகவிடமாட்டார்கள் என்று நம்பியிருந்த எங்களுக்கு விசர் பிடித்தது.

ஒருவன் இனி இந்தக் கண்றாவியைப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். கெமிஸ்ட்ரி டியூஷன் மாஸ்டர் காய்ச்சல் என்று மெசேஜ் போட்டு வகுப்பையே கான்சல் பண்ணினார். நான் மத்தியானச் சோற்றுப் பார்சலைத் திறக்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

மாஸ்டர்தான் கேட்டார். "சண்டைக்குள்ள நாங்கள் பாக்காத சாவோ? ஒரு நாடகத்துக்குப் போய் இப்பிடி அழுறம்?"

ரூபன் அண்ணா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அழ எங்க நேரம் இருந்தது மாஸ்டர்... இப்ப ஆறுதலா இருந்து அழுவம், விடுங்கோ."

சொல்லிவிட்டு மனுசன் செய்த வேலை! இளவரசனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பனர் அடித்துக் கடைச் சுவரில் கட்டிவிட்டார். நடுவில் படம், சுற்றி மல்லிகைப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. "இறுதிக் கிரியைகள் பற்றி அடுத்த சீசனில் அறியத்தரப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." கீழே, துயருறும் ரசிகர்கள் என்று எங்கள் எல்லோருடைய பெயரும்.

சனம் சைக்கிளை நிற்பாட்டி வாசித்தது. நீட்டுத் தலைமுடி, வெள்ளைத் தோல்... ஒரு ஐயா உள்ளே வந்து கேட்டார். "ஆரின்ர பிள்ளை தம்பி? கனடாவோ, லண்டனோ? தாய் வெள்ளைக்காரியாக்கும்."

நாங்கள் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தோம்.

மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார். கடற்கரைப் பக்கத்து ஆள், மீன் விற்றுவிட்டு பஸ்ஸுக்குப் போகிற வழி. அவரும் அதையேதான் கேட்டார், ஆரின்ர பிள்ளை என்று.

அண்ணாவின் முகம் கறுத்துப்போனது. "அது... படத்தில வாற பெடியன் அம்மா. உண்மையில சாகேல்லை. சும்மா பகிடிக்கு..."

ஏசப்போகிறார் என்று பார்த்தோம். ஏசவில்லை. வெளியே போய் இன்னொரு தரம் வாசித்துவிட்டு வந்தார்.

"படத்தில செத்த பிள்ளைக்கே இவ்வளவு வடிவா அடிச்சிருக்கிறியள். என்ர பிள்ளைக்கு ஒண்டும் அடிக்கேல்லை தம்பி. அந்த நேரம் ஆர் அடிக்கிறது..."

அண்ணா எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். நான் டைப் செய்தேன். பெயர் ஜெனிஸ்ரன். வயது பதினேழு. இறந்த நாள் தாய்க்குத் தெரியவில்லை, பங்குனி மாதம் என்று மட்டும் தெரியும். "பங்குனி எண்டே போடு பிள்ளை" என்றார் அண்ணா.

படம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் இடம்பெயர்ந்த நேரம் போய்விட்டதாம். படம் வைக்கிற இடத்தில் பெயரைப் பெரிதாகப் போட்டோம்.

"எங்கையம்மா கட்டுறது? வீட்டடியிலயோ, கோயிலடியிலயோ?"

"உந்த இடத்திலயே கட்டுங்கோ தம்பி. நாலு சனம் நிண்டு ஆரின்ர பிள்ளையெண்டு கேக்கட்டும்."

இளவரசனை அவிழ்த்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கட்டினார். செத்தவீட்டுக் கணக்குப்படி முப்பத்தொரு நாளும் அது அங்கேதான் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணா வேலையை விட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அந்த சீரிஸைப் பார்க்கவில்லை. எங்களுக்கு டவுன்லோட் பண்ணித் தருவார், தான் பார்க்கமாட்டார். அடுத்தடுத்த சீசனிலும் கண்டபடி ஆட்களைக் கொன்றார்கள். நாங்கள் கொதித்துக்கொண்டு கடைக்கு வருவோம். "அண்ணா, இந்த முறை ஆர் செத்ததெண்டு தெரியுமோ?"

கையைக் காட்டி நிறுத்துவார். "செத்த ஆளை விடுங்கோ. ஆர் மிச்சம்? அதை மட்டும் சொல்லுங்கோ."

சொல்வோம். ஒவ்வொரு பெயராக விரலை மடக்கிக் கேட்பார். ஆட்கள் குறையக் குறைய அவருக்குக் கவலை. பார்க்காத கதைக்கு!

கடைசி எபிசோட் வந்தபோது நான் கிளிநொச்சியில். மூன்று மாதத்துக்கு முன் இருக்கும். அண்ணா போன் எடுத்தார். "பிள்ளை, ஆர் மிச்சம்?"

வேலை நேரம், பக்கத்தில் மனேஜர். "போனில சொல்லுற கதையில்லை அண்ணா, வந்து சொல்லுறன்" என்றேன்.

கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் என்ன பெரிய தூரம்... இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று போகவே இல்லை. அவரும் வேறு யாரிடமும் கேட்கவில்லையாம். இன்று அண்ணி அழுகைக்கு நடுவில் சொன்னார். "பிள்ளை வந்து சொல்லும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

அந்தப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த சீரிஸை இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். இதற்குக் கீழே வாசிக்க வேண்டாம்.

அண்ணா, இளவரசனின்ர தமக்கை இருக்கிறா. படகுக்காரக் கிழவர் இருக்கிறார். அந்த வாய் பேசாத சின்னப் பெட்டையும் தப்பீட்டாள்.

மூண்டு பேர் மிச்சம் அண்ணா. மூண்டு பேரும் சுகமா இருக்கினம். நீங்கள் யோசிக்காமல் போயிட்டு வாங்கோ.