கம்பிக்குள் சிரித்தவர்கள்

அந்த மண்டபத்தில் நான் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்துக் கதிரையில் என் மேலதிகாரி இருந்தார். அதனால் மற்றவர்களைப் போல நானும் மரியாதையாக இருந்தேன்.

மெல்பேர்ன் நகர நடுவில் நடந்த மாலைக் கூட்டம் அது. கணினிப் பாதுகாப்பு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காலத்து ஹேக்கர் ஒருவர் பழங்கதை சொல்ல வந்திருந்தார். வீடுகளுக்கு இணையம் அப்போதுதான் எட்டிப் பார்த்த காலம், மோடம் கீச்சிட்ட காலம், தொலைபேசிக் கம்பிக்குள் களவாகப் புகுந்து உலகத்தைச் சுற்றிய காலம். இப்போது நரைத்த தாடி, நல்ல சப்பாத்து, பெரிய கொம்பனிகளுக்கு ஆலோசனை. அன்றைக்குத் தான் செய்த வேலையை இன்றைக்கு மற்றவன் செய்யாமல் தடுப்பதுதான் பிழைப்பு. எங்கள் தொழிலில் இப்படிப்பட்டவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அறிவுத் தாகம், சுதந்திரம், தேடல் என்று பேச்சு முழுக்க நல்ல நல்ல சொற்கள். எனக்கு இப்போது அந்தச் சொற்களைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

"நாங்கள் அகதிகளுக்கும் உதவியிருக்கிறோம்" என்றார். போர் நடந்த இலங்கையிலிருந்து வந்த ஏழைச் சனம் ஊரோடு பேசுவதற்கு இலவச வழி திறந்துவிட்டார்களாம். மண்டபம் கைதட்டியது. வாயெல்லாம் பல்லாக நின்றவர், பழைய கசெட் ஒன்றிலிருந்து ஒரு துண்டைப் போடப்போவதாகச் சொன்னார். அவர்களுடைய வட்டத்தில் மிகப் பிரபலமான துண்டாம். 'பாடுகிற பெண்' என்று அதற்குப் பெயராம். முன்பின் தெரியாத யாரையாவது அழைத்து, எடுத்தவரின் காதில் இதைப் போட்டுவிட்டு, அவர் திகைப்பதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். அதைச் சொல்லும்போதே சிரித்தார்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண் பாடினாள்.

"என்ர அம்மா, என்னைப் பெத்த அம்மா, நான் வருவன் எண்டு வாசலைப் பாத்திருந்தியோ, உன்ர வாயில ஒரு சொட்டுத் தண்ணி நான் விடேல்லையே அம்மா..."

சனம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவன் தலையை ஆட்டித் தாளம் போட்டான். அது பாட்டல்ல, ஒப்பாரி என்று அந்த மண்டபத்தில் தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான். யாருடைய ஒப்பாரி என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அழுகை தொடங்கியபோது நான் இரண்டு அடி தள்ளி நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் மாணவி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கிளேட்டனில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். மன்னார்க் கரையிலிருந்து வந்த அன்ரியும் அங்கிளும் அந்த வீட்டுக்காரர். தொலைபேசி குசினி வாசலில் சுவரில் இருந்தது. ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த அங்கிள், "ஏதோ கொம்பனியின்ர சலுகையாம், காசில்லாமல் கொழும்புக்குக் கதைக்கலாமாம்" என்று ஒரு இலக்கத்தைக் கொண்டுவந்தார். முதலில் அதை அழுத்த வேண்டும், ஒரு சத்தம் கேட்கும், பிறகு ஒரு இரகசிய எண், அதன் பிறகு கொழும்பு இலக்கம். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வேலை செய்தது. கோயிலில் எல்லோரிடமும் அந்த இலக்கம் இருந்தது. யார் முதலில் கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்கார நாடு, ஏதோ நல்ல மனசு என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்ரியின் தாய் மன்னாரில் இருந்தார். கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி, அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். ஞாயிறு என்றால் லொட்ஜின் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே காத்திருப்பார்.

எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியைத் தொலைபேசியில் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். வேறு ஒரு வீட்டுக்குச் சொல்வார்கள். அவர்கள் நேரில் வந்து, தேத்தண்ணி குடித்து, "கொஞ்சம் சுகமில்லையாம்" என்று தொடங்கி, மெல்ல மெல்ல இறக்குவார்கள். தம்பியும் அப்படித்தான் செய்ய நினைத்திருப்பார். ஆனால் அந்த ஞாயிறு அன்ரி முந்திக்கொண்டார். எடுத்தவுடன் "அம்மா எப்பிடி?" என்று கேட்டார். தம்பியால் மறைக்க முடியவில்லை.

அன்ரி சுவரோடு சறுக்கி நிலத்தில் இருந்தார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். செய்தி கொண்டுவந்தவரைக் கட்டிப்பிடித்து, கழுத்தில் கழுத்து வைத்து அழுவதுதான் எங்கள் வழக்கம். அழுகிறவர் தானாக ஓயும்வரை மற்றவர் விடக் கூடாது. கட்டிப்பிடிக்கத் தம்பி அங்கே இல்லை, தொலைபேசிதான் இருந்தது. அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, ரிசீவரைப் பார்த்தார்.

"வைச்சிட்டான்" என்றார்.

திரும்ப எடுத்துப் பார்த்தோம். அந்த இலக்கம் அதோடு செத்துவிட்டது. பிறகு ஒருநாள் இரண்டு பேர் கோயிலடிக்கு வந்து, கொழும்புக்கு யார் யார் பேசியது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அங்கிள் பயந்துபோய் அந்த இலக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்ரி அன்றோடு தம்பியோடு பேச்சை விட்டார். அழுகிறவளை நடுவில் விட்டுவிட்டுப் போனவன் தம்பியே இல்லை என்பது அவருடைய கட்சி. விநோதம் என்னவென்றால் தம்பியும் பேச்சை விட்டார். பிற்காலத்தில் குடும்பத்தோடு வந்து சிட்னியில், டூங்கபியில் குடியேறினார். சொந்தக்காரர் கலியாணத்துக்கு மெல்பேர்ன் வந்தால் அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்புவார். "வைச்சவனுக்கு என்ன கோவம்?" என்று அன்ரி எரிந்து விழுவார். எங்களுக்கும் விளங்கவில்லை. எங்கள் சனத்துக்குக் கோபம் வந்தால் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும். அடுத்தவர் தானாக உணர்ந்து வர வேண்டும். இந்த வறட்டு மானத்திலும் எனக்கு வெறுப்புத்தான். ஆனால் அதை இன்னொருவன் மேடையில் வைத்துப் பிழைக்கும்போது வருகிற வெறுப்பு வேறு.

அந்தக் கூட்டம் நடந்த கிழமையில் தம்பி படுக்கையில் இருந்தார். புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குத் தைலம் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய மகள், அன்ரி இப்போது இருக்கும் கிரான்பர்னுக்குத் தொலைபேசி எடுத்து, "மாமி, ஒருக்கா வாங்கோ" என்று அழுதிருக்கிறாள். அங்கிள் செத்த பிறகு தனியாக இருக்கும் அன்ரி, "நான் அழேக்க போனை வைச்சவன், அவன்ர அழுகைக்கு நான் ஏன்?" என்று சொல்லிவிட்டார்.

பேச்சு முடிந்து, படம் எடுத்துக்கொள்ள நின்ற கூட்டம் கரையும்வரை காத்திருந்தேன். அந்த மனுசனிடம் போய், அந்தப் பெண் பாடவில்லை, தாய் செத்ததற்கு அழுகிறாள் என்று சொன்னேன். முகம் ஒரு கணம் வாடியது. மறு கணம், "அப்படியா? மிகவும் சுவாரசியம்" என்றார். சுவாரசியமாம்! அறைந்திருப்பேன்.

இலக்கத்தை ஏன் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னார். ஒரு அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்துக்குள் புகுந்திருந்தார்களாம். விடுமுறை நாளில் அங்கே யாரும் இல்லை. அவர்கள் மட்டும் பேசினால் பிடிபடுவார்கள். பில் முழுக்கக் கொழும்பு என்று வந்தால் விசாரிப்பவர்கள் இலங்கைக்காரரைத் தேடிப் போவார்கள். "கெட்டிக்கார ஏற்பாடு, இல்லையா?" என்றார். எனக்குக் கோயிலடியில் வியர்த்துக்கொண்டு நின்ற அங்கிளின் முகம்தான் வந்தது. நடுவில் இருந்து ஒட்டுக் கேட்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. யாருக்கும் விளங்காத மொழிதானே, அதில் என்ன தவறு என்று என்னிடமே கேட்டார்.

"அந்த அழைப்பு எப்படி முடிந்தது?" என்றேன்.

தாடியைத் தடவினார். கூட இருந்தவன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்துவிட்டானாம், மற்றவர்களும் சேர்ந்துவிட்டார்களாம். கம்பியில் தங்கள் சத்தம் போய்விட்டது என்று பயந்து, அந்தப் பெண்ணின் பக்க இணைப்பை மட்டும் வெட்டினார்களாம். மேடையில் போடும் துண்டில் அந்த இடம் இல்லை. கேட்பதற்கு அழகாக இல்லை என்று எடுத்துவிட்டாராம்.

அன்றைக்குத் தம்பி போனை வைக்கவில்லை. முழுப் பதிவும் வேண்டும் என்றேன். யோசித்தார், இழுத்தார், தன் பெயர் கெட்டுவிடுமோ என்று கவலைப்பட்டார். அந்த மனுசனிடம் நான் கெஞ்சினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தயவுசெய்து, உங்களுக்குப் பெரிய மனசு என்றெல்லாம் சொன்னேன். என் வாயை நானே கழுவ வேண்டும் போலிருந்தது. வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு இரண்டு நாள் கழித்து அனுப்பினார். அடியில், உதவ முடிந்ததில் மகிழ்ச்சி என்று ஒரு வரி.

நான் முதலில் தனியாகக் கேட்டேன். பிறகு கிரான்பர்னுக்குப் போய், நடந்ததை அன்ரிக்குச் சொன்னேன். நம்பவில்லை. "நீ அவனுக்காக வந்து கதைக்கிறாய்" என்றார். கைத்தொலைபேசியை மேசையில் வைத்துப் போட்டேன்.

தன் இளம் குரலைக் கேட்டு அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேலே ஒரு சிரிப்பு, அன்று அழுத அழுகையில் அன்ரிக்குக் கேட்காத சிரிப்பு, பிறகு இன்னும் சிரிப்புகள், பொடியன்களின் கொக்கரிப்பு. 'டக்' என்று ஒரு சத்தம். அன்ரியின் குரல் நின்றது. அதன் பிறகு, வெட்டுப்படாத மற்றப் பக்கத்திலிருந்து, தம்பியின் குரல் வந்தது.

"அக்கா? அக்கா, ஆர் அங்க சிரிக்கிறது? அக்கா, அம்மா செத்துப்போனா எண்டு சொல்லுறன், உன்ர வீட்டில ஆர் சிரிக்கினம்? அக்கா..."

அன்ரி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "பிளேனுக்கு ரிக்கற் போடு பிள்ளை" என்றார்.

டூங்கபி வீட்டில் தம்பி எலும்பாகக் கிடந்தார். வாசலில் அக்காவைக் கண்டதும் பழக்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அன்ரி கட்டில் ஓரத்தில் அமர்ந்து, "என்ர வீட்டில ஒருதரும் சிரிக்கேல்லையடா" என்றார். மகள் என் கைத்தொலைபேசியை வாங்கிப் பதிவைப் போட்டாள். அவர் அதைச் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். கடைசி 'அக்கா' முடிந்ததும் திரும்பினார்.

"அப்ப நீ வைக்கேல்லையோ?"

"நீ வைச்சனீ எண்டெல்லோ நான் இருந்தனான்."

அன்ரி குனிந்து தம்பியின் கழுத்தில் கழுத்தை வைத்தார். அறுந்த இடத்திலிருந்து ஒப்பாரி வந்தது. தம்பிக்குக் குரல் இல்லை, இருந்தாலும் சேர்ந்துகொண்டார். இருவரும் ஓயும்வரை யாரும் அறைக்குள் அசையவில்லை.

பிறகு, கம்பிக்குள் இருந்து சிரித்தவர்கள் யார் என்று நான் சொன்னதும் தம்பி என்னைப் பார்த்தார். "அந்தப் பொடியள் இப்ப என்ன செய்யினம் பிள்ளை?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நல்லா இருக்கினம். மேடையில ஏத்திக் கைதட்டுகினம்."

அக்காவின் கையை விடாமல்தான் சொன்னார்.

"அவங்களை விட்டிட்டு, நான் அக்காவையெல்லோ இவ்வளவு காலமும் திட்டிச் சபிச்சனான்."