இருபத்தைந்து எம்.எம். மேஜைக்கு ஒரு மானிட்டர் ஆர்ம்

1. தாடை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு சென் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "கோமதிதி, உங்க ஊர்க்காரரை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

கோமதி என்கிற என்னை ஆபீஸில் எல்லாரும், அக்கா என்கிற 'தீதி'யைச் சுருக்கி, 'தி' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஊர்க்காரர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. சுந்தரம் பிறந்தது ஹவுராவில். நான் காரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அவர் வீட்டுத் தமிழ் காட்பாடிப் பக்கம், என் வீட்டில் திருநெல்வேலி. ஹவுராவுக்கு ஆற்றின் மறுகரையில், கிடர்பூரில் இருந்த அந்த டிராயிங் ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக ஒன்றும் கிடையாது. அது போதுமே, ஊர்க்காரர் ஆக்குவதற்கு!

துறைமுகத்துக் கிரேன்களுக்கு உதிரி பாகங்கள் வரைந்து கொடுக்கும் ஆபீஸ் அது. நான் பர்ச்சேஸ் இன்சார்ஜ். ஸ்க்ரூ முதல் சோபா வரை என் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. சுந்தரம் செக்கர். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்த டிராயிங்கைக் கோடு கோடாகப் பார்த்து, அளவு சரி என்று கையெழுத்துப் போடுகிற வேலை. ரிட்டயர் ஆன பிறகு வருஷா வருஷம் எக்ஸ்டென்ஷனில் ஓடிக்கொண்டிருந்தார். மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. அந்த மாதம் அவர் பாஸ் பண்ணிய இரண்டு டிராயிங்கில் தப்பு வந்துவிட்டது. ஒன்றில் பேஸ் பிளேட்டின் போல்ட் துளை இடம் மாறியிருந்தது, ஹவுரா ஒர்க்‌ஷாப்பில் துளை போட்ட பிறகுதான் தெரிந்தது.

"கழுத்து வலிங்கறார். வலின்னா வீட்ல ரெஸ்ட் எடுக்கலாமே! பூஜை லீவுக்கு முன்னாடி நான் லெட்டர்ல கையெழுத்துப் போடணும். இன்னொரு தப்பு வந்தா எக்ஸ்டென்ஷன் கிடையாது" என்றார் சென் சார். அவர் பேசியது வங்காளம், நான் தமிழில் எழுதுகிறேன். பூஜைக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

மத்தியானம் சுந்தரமே என் சீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"மேடம், எனக்கு ஒரு மானிட்டர் ஆர்ம் வேணும். மேஜை விளிம்புல கிளாம்ப் போட்டு மாட்டுவாங்களே, அது."

"எதுக்கு? மானிட்டருக்குத்தான் ஸ்டாண்ட் இருக்கே."

"அந்த ஸ்டாண்ட் இதுக்கு மேல எறங்கல மேடம். என் கண்ணாடி பைஃபோகல். கிட்டத்துப் பவர் அடியில இருக்கு. எழுத்து தெரியணும்னா தாடையத் தூக்கிக்கிட்டே உக்காரணும். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கோபுரம் பாக்கற மாதிரி. ஆர்ம் இருந்தா நல்லா கீழ எறக்கி, கிட்ட இழுத்துக்குவேன்."

சீட்டில் மாடல் பெயர் இருந்தது. சாந்தினி சந்தைப் பக்கம் ஒரு கடையின் பெயரும் இருந்தது.

பர்ச்சேஸில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். பொருள் கேட்டு வருகிறவர் கடைப் பெயரையும் சேர்த்துக் கொண்டுவந்தால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். அந்தக் கடைக்காரன் இவருக்கு என்ன வேண்டும்? அதோடு, கழுத்து வலி என்று வந்தவர்கள் எல்லாரும் மானிட்டரை உயர்த்தத்தான் கேட்டிருக்கிறார்கள். ஏ4 பேப்பர் கட்டு இரண்டைக் கீழே வைத்துக் கொடுத்தால் போய்விடுவார்கள். இந்த மனுஷன் இறக்க வேண்டும் என்கிறார். தப்புக்குச் சாக்குத் தேடுகிறாரோ என்று தோன்றியது. சீட்டை வாங்கி டிராயரில் போட்டேன்.

"பார்க்கறேன்" என்றேன். பர்ச்சேஸ்காரர்கள் 'பார்க்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

2. கடைக்காரர் கேட்டது

நாலு நாள் கழித்து அந்தக் கடைக்கு நானே போனேன். ஆர்ம் வாங்க இல்லை, கடைக்காரனை நோட்டம் பார்க்க. அலமாரி அளவு கடை. உள்ளே கேபிள் சுருள்களுக்கு நடுவில் மண்டல் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுந்தரம் அனுப்பினார் என்று சொல்லாமல், ஆபீஸுக்கு என்று பொதுவாக விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

மானிட்டர் என்ன சைஸ் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"மேஜைப் பலகை என்ன கனம் தீதி?"

"இருபத்தஞ்சு எம்.எம்." கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாற்பது மேஜைகளையும் வாங்கியது நான்தான். ஆர்டரிலும் அதுதான், சரக்கு வந்தபோது அளந்து எழுதியதும் அதுதான்.

"எங்க அளந்தீங்க?"

"மேஜையிலதான். வேற எங்க அளப்பாங்க?"

"ஒரு தடவை அடியில குனிஞ்சு பாருங்க தீதி. அப்புறம் வாங்குங்க."

எனக்கு ஏறிக்கொண்டது. நான் வாங்கிய மேஜையைப் பார்க்காதவர் எனக்குச் சொல்லித்தருகிறாரா? கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெரிய ஆர்மைக் காட்டி, அது என்ன விலை என்றேன். கேஸ் ஸ்பிரிங் வைத்தது, கையால் தள்ளினாலே ஏறி இறங்கும், பளபளவென்று இருந்தது.

"ஆபீஸ் மானிட்டருக்கு அது வேண்டாம். பெரிய மானிட்டருக்குப் போட்டது. தினம் ஏத்தி இறக்கறவங்களுக்கு அது. உங்க ஆள் ஒரு தடவை உயரம் பார்த்து வச்சா வச்சதுதானே? சாதாக் கம்பத்து ஆர்ம் போதும், பாதி விலை. மெல்லிசு மேஜையா இருந்தா மேல ஒண்ணு கீழ ஒண்ணு இரும்புத் தகடு வச்சு இறுக்கணும். தகடு நான் சும்மாவே தர்றேன்."

பாருங்கள், 'உங்க ஆள்' என்று சொல்லிவிட்டார். சுந்தரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆபீஸுக்கு வாங்க வருகிறவள் வேறு எவனோ ஒருவனுக்காகத்தான் வருவாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்கு மேல், விலை கூடின சாமானை விற்காமல் விலை குறைந்ததை எடுத்துக்கொடுக்கிற கடைக்காரனை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. விற்காத பழைய ஸ்டாக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறான், அதை மறைக்கத்தான் தகடு இலவசம்! வெளியே வந்து ஒரு மண் கோப்பை டீ குடித்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

3. மூன்று கொட்டேஷன்

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

எங்கள் ஆபீஸில் கீபோர்டு, மவுஸ் மாதிரிச் சின்னச் சாமான்களுக்குக் கொட்டேஷன் தேவையில்லை. ஒரு போன் போட்டு விலை கேட்டு வாங்கிவிடலாம். மானிட்டர் ஆர்மும் அந்த வரம்புக்குள்தான் வரும். இரண்டு மாதம் முன்னால் டிசைனில் ஒரு பெண் ஃபுட்ரெஸ்ட் கேட்டாள், நாலாம் நாள் அவள் காலடியில் இருந்தது. சுந்தரத்துக்கு மட்டும் மூன்று கொட்டேஷன் என்று ஃபைல் போட்டேன்.

காரணம் இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் பேன்ட்ரிக்கு லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் கடையில் காபித்தூள் வாங்கினேன். நல்ல தூள், அதனால் வாங்கினேன். அக்கவுண்ட்ஸில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மாத்ராஜிக்கு மாத்ராஜி துணை" என்றார். மதராஸி என்பதுதான் வங்காள வாயில் மாத்ராஜி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தமிழ்ப் பெயர் உள்ள எந்தக் காகிதம் என் மேஜைக்கு வந்தாலும், மற்றதைவிட இரண்டு மடங்கு சோதிப்பேன். யாரும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது.

கொட்டேஷன் வர மூன்று வாரம் ஆனது. சுந்தரம் கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஹவுராவிலிருந்து ஃபெர்ரியில் நின்று வந்தால் ஆட்டத்தில் வலிக்கிறது என்று முன்னால் இடம் பிடிக்கச் சீக்கிரம் கிளம்புவாராம். என் சீட்டைத் தாண்டும்போது, "மேடம், அது..." என்பார்.

"ப்ராசஸ்ல இருக்கு" என்பேன்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது மண்டலின் ஆர்ம் இல்லை. வேறொரு சப்ளையரின் கேஸ் ஸ்பிரிங் ஆர்ம், தள்ளுபடியில் வந்தது. 'பன்னிரண்டு கிலோ வரை தாங்கும்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. பன்னிரண்டு கிலோ தாங்குவது மூன்று கிலோ மானிட்டரைத் தாங்காதா? கணக்குச் சரியாகத்தான் பட்டது.

4. சத்தம்

பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆர்ம் வந்தது. மெயின்டனன்ஸ் பிஸ்வநாத் அண்ணன் மாட்டினார். மானிட்டர் முதுகில் இருந்த நாலு துளையும் ஆர்மின் தட்டும் கச்சிதமாகப் பொருந்தின. கிளாம்ப்பை மேஜையின் பின் விளிம்பில் கொடுத்து இறுக்கினார். ஆடியது. இன்னும் இறுக்கினார்.

படக்கென்று ஒரு சத்தம். மேஜைப் பலகை உள்வாங்கி, மேல் லாமினேட் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விட்டது. அவர் பதறிக் கையை விட்டார். கையை விட்டதும் மானிட்டர் தானாக மேலே எழும்பி, சுந்தரத்தின் தலைக்கும் மேலே போய் நின்றது. கீழே அழுத்தினால் மறுபடி மேலே வந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், குறைந்தபட்ச எடை ஐந்து கிலோ என்று இருந்தது. அதைவிட இலேசான மானிட்டரை ஸ்பிரிங் தூக்கிவிடும். அதிகபட்சத்தை மட்டும் படித்தவள் நான்.

சுந்தரம் கழுத்துப் பட்டையோடு மெதுவாக நிமிர்ந்து அந்த மானிட்டரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் புடவையைச் சொருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். ஐயோ, என் மானமே போயிற்று! விளிம்பில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு அடியில் இன்னொரு பட்டி ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருபத்தைந்து எம்.எம். பட்டியைத் தாண்டி உள்ளே பலகை வெறும் பன்னிரண்டு. கிளாம்ப்பின் கீழ்த் தாடை பட்டியைத் தாண்டி, அந்த மெல்லிய இடத்தில்தான் அழுத்தியிருக்கிறது. அன்றைக்கு நாற்பது மேஜையையும் ஒன்று விடாமல் அளந்தேன். நாற்பதையும் விளிம்பில் அளந்தேன். ஊரையே சந்தேகப்பட்டவளை ஒரு மேஜைக்காரன் ஆறு வருஷமாக முட்டாளாக்கி வைத்திருந்தான்.

சத்தம் கேட்டு சென் சார் வந்துவிட்டார். கீறலைப் பார்த்தார், சுந்தரத்தைப் பார்த்தார். "கேட்டதை வாங்கிக் கொடுத்தாச்சு, மேஜையும் போச்சு. போதும் கோமதிதி. இனிமே இவரை வச்சு இழுக்க வேண்டாம்" என்றார்.

சும்மா இருந்தால் எல்லாம் சுந்தரத்தின் தலையில் போய்விடும், ஃபைலில் என் கையெழுத்தை யாரும் தேடப்போவதில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அந்த யோசனை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"சார், அவர் கேட்டது இது இல்ல. அவர் கேட்டது பாதி விலையில வேற. நான்தான் மாத்தினேன். மேஜையும் நான் சரியா அளக்காம எடுத்தது. அவருக்கு ஒரு வாரம் குடுங்க, தப்பு வந்தா என்மேல எழுதுங்க" என்றேன்.

சென் சார் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீங்களா? நீங்களா அளக்காம விட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

5. மறுநாளும் அதற்குப் பிறகும்

மறுநாள் கடை திறக்கும்போதே மண்டல் முன்னால் நின்றேன். டேப்பைப் பன்னிரண்டில் பிடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு.

"கிளாம்ப்பை நடுவில போடாதீங்க. இரும்புக் கால் எங்க இருக்கோ அதுக்குப் பக்கத்துல போடுங்க. பட்டிக்கு உள்ள பள்ளமா இருக்கற இடத்துல ஒரு பிளைவுட் துண்டு வச்சு மட்டம் பண்ணுங்க. அப்புறம் தகடு. ஆர்மை முழுசா நீட்டி வைக்காதீங்க, மடக்கியே வைங்க. நீட்டினா பலகைக்குத்தான் பாரம்."

"அன்னிக்கு ஏன் பெரிசை விக்கல? நான் வாங்கியிருப்பேனே" என்றேன். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

"உடைஞ்ச மேஜையோட வந்து என் கடை வாசல்ல நின்னு கத்துவீங்க. எனக்கு எதுக்கு தீதி அந்தத் தொல்லை?"

அன்றே மாட்டினோம். சாதாக் கம்பம், ஆலன் கீயால் இறுக்கும் வளையம். வளையத்தை அடிமட்டம் வரை இறக்கி, மானிட்டரைக் கிட்டே இழுத்து, கொஞ்சம் மல்லாத்தி வைத்தார் சுந்தரம். உட்கார்ந்தார். தாடை தானாக இறங்கியது. மேஜையைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

மூன்றாம் நாள், ஒரு ஷாஃப்ட் டிராயிங்கில், சக்கரத்தை அதோடு பூட்டுகிற சாவிப்பள்ளத்தின் அகலம் தப்பு என்று சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். சென் சாரே வரைந்து கொடுத்த டிராயிங் அது. பூஜை லீவுக்கு முந்தின நாள் எக்ஸ்டென்ஷன் லெட்டரில் கையெழுத்து ஆனது.

அன்று சாயங்காலம் தெருவெல்லாம் பந்தல் வேலை, கிளம்பும் அவசரத்தில் ஆபீஸ் பாதி காலி. சுந்தரம் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு என் சீட்டுக்கு வந்தார். எனக்கு நீட்டினார். எடுத்துக்கொண்டேன். போகாமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? அந்தச் சீட்டுல கடை பேர் எழுதினேனே, அதுக்கு முன்னாடி ஆறு கடை ஏறி எறங்கினேன். எது மலிவு, எது நம்ம மேஜைக்கு ஒத்துவரும்னு கேட்டு எழுதினது. நீங்க அலைய வேண்டாம்னுதான்."

டிராயரைத் திறந்தேன், அந்தச் சீட்டு அங்கேயே கிடந்தது.

"என் எடத்துல ஒரு பெங்காலி இருந்திருந்தா, ஒரு வாரத்துல ஆர்ம் வந்திருக்கும். இல்லியா மேடம்?"

ப்ராசஸ், ரூல், ஆடிட் என்று சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. முப்பது வருஷமாகச் சொன்னவைதான். அவர் கழுத்தில் அந்தப் பட்டை இன்னும் இருந்தது.

"ஆமா" என்றேன்.

"தெரியும் மேடம். உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டு ஃபெர்ரியைப் பிடிக்கப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

பர்ச்சேஸில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்டால், மேஜையை அடியிலும் அளங்கள், குறைந்தபட்ச எடையையும் படியுங்கள் என்று சொல்வேன். இதெல்லாம் ஒரு தடவை பட்டால் வந்துவிடும். எனக்கு வர முப்பது வருஷம் ஆனது வேறு ஒன்று. உங்கள் ஊர்க்காரர் ஃபைல் உங்கள் மேஜைக்கு வந்தால் மற்றவர் ஃபைல் போகிற வேகத்திலேயே அதையும் அனுப்புங்கள். நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்ட நாலு வாரமும் வலித்தது இன்னொருவர் கழுத்து.