அண்ணனின் காரும் அண்ணியின் தண்ணீர்க் குடமும்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். தங்கை என்ற உரிமையில் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரயில்வே வேலைக்காக ஈரோட்டிலிருந்து மைசூருக்கு வந்தவர் அப்பா. அண்ணன் இங்கேதான் பிறந்தார். அவர் கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா தவறிவிட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். என்னைக் குண்டலுபேட்டையில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தமக்குக் கொள்ளேகாலில் பெண் பார்க்கச் சம்மதித்தார். தேவராஜ மொஹல்லாவில் சொந்தப் பட்டறை போட்டார். எந்தக் கஷ்டத்திலும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும்.

தமக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நேரான பாதையில் இரண்டு கார்களை ஒரே சமயத்தில் விட்டு யார் முதலில் போய்ச் சேருகிறார் என்று பார்க்கும் டிராக் ரேஸில், தம் கையால் கட்டிய காரைத் தாமே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி, ஓட்டுபவர் சீட்டைத் தவிர உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். நொறுங்கிப்போன லாரி ஒன்றிலிருந்து டர்போவைக் கொண்டுவந்து பொருத்தினார்.

அது என்ன என்று கேட்டேன். "எஞ்சின் வெளிய விடற புகையே ஒரு விசிறியச் சுத்தும். அந்த விசிறி எஞ்சினுக்குள்ள காத்தத் திணிக்கும். அஷ்டே, அவ்வளவுதான்," என்றார். அப்படித் திணித்தால் பெட்ரோலில் எஞ்சின் சூடேறி டக்டக்கென்று தட்டிக் கெட்டுப்போகுமாம், எத்தனால், அதாவது சாராய ஸ்பிரிட், என்றால் தாங்குமாம். அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, மண்டியா பக்கத்துச் சர்க்கரை ஆலையிலிருந்து ஸ்பிரிட் வரவழைத்தார். பட்டறை மட்டுமல்ல, அவர் சட்டையும் சாராயக் கடை மாதிரி மணத்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதரைத் தெருவே சந்தேகமாகப் பார்த்தது. "நான் இல்லப்பா, கார்தான் குடிக்குது," என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கார் தயாரான வருடம், ரேஸுக்குச் சில வாரங்கள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு மாலை போடாத வண்டி ஏது? பண்டிகைக்குப் பிறந்த வீடு வந்திருந்த நானும் சேர்ந்து காருக்குச் சேவந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, எஞ்சினையும் ஓடவிட்டோம். நல்ல உச்சி வெயில். கற்பூரத் தட்டை அண்ணன் காருக்கு முன்னால் தரையில் வைத்தார். பழைய ரப்பர்க் குழாயை எத்தனால் அரித்து, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

"ஏனுங்க, பூ கருகுதுங்க," என்றார் அண்ணி.

"வெயில் கணம்மா, வெயில்தான்," என்றார் அண்ணன்.

வெயில் இல்லை. எத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாதாம். மாலை தானாகச் சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் புரிந்ததும், பெட்ரோல் நெருப்புக்குத் தண்ணீர் ஆகாது என்ற பழக்கத்தில், "தண்ணி பேடா, வேண்டாம், மண்ணு, மண்ணு கொண்டா" என்று ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் அண்ணி பூஜைக்கு வைத்திருந்த குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டார். நெருப்பு அணைந்தது. தண்ணீரோடு கலந்துவிடும் திரவம் என்பதால் அது தண்ணீருக்கு அடங்கும் என்று அண்ணன் பிறகு விளக்கினார். அண்ணிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. "கையில தண்ணிதானுங்க இருந்துச்சு," என்றார்.

மறுநாள் அண்ணி சொன்னார்: "இனி அந்தக் காருல நீங்க உக்காரக் கூடாதுங்க." அண்ணன் காரைத் தார்ப்பாயால் மூடினார். இரண்டு வருட உழைப்பு மூலையில் கிடந்தது. அண்ணன் பட்டறைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். கடைசியில் அண்ணிதான் தாங்க மாட்டாமல் சொன்னார்: "குழாயெல்லாம் மாத்திப்போட்டு ஓட்டுங்க. ஆனா நான் குடத்தோட பக்கத்துல நிப்பனுங்க."

எல்லாக் குழாயையும் உலோகத்தில் மாற்றினார் அண்ணன். பெங்களூரை அடுத்த பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ். புறப்படும் கோட்டருகே பட்டுப்புடவையில் இடுப்பில் நிறைகுடத்தோடு நின்ற அண்ணியைப் பார்த்த அதிகாரி, "ஏனம்மா, இது ரேஸா, மதுவேயா?" என்று, கல்யாணமா நடக்கிறது என்பதுபோல், கேலி செய்தார். "அவ நின்னாத்தான் நான் ஸ்டார்ட் பண்ணுவேன் சார்," என்று அண்ணன் சொல்லிவிட்டார். காது சிவந்திருந்தது. அதிகாரி வழிவிட்டார்.

கார் சீறிக்கொண்டு போன சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி மூடவில்லை. அண்ணனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. இறங்கியதும் கோப்பையைக்கூடப் பார்க்காமல் நேரே அண்ணியிடம் வந்து, இரண்டு கையையும் குவித்து அந்தக் குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதன் பிறகு அவர் காரைக் கிளப்பும்போதெல்லாம் குடம் பக்கத்தில் இருந்தது.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகி, சில மாதங்கள் படுத்திருந்தார். பெரிதாக வலி இல்லை, மனக்குறையும் இல்லை. அப்போது மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த பட்டறைத் தோழர்களுக்கும், சோறு சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், கொள்ளேகாலிலிருந்து ஓடிவந்த அண்ணியின் பிறந்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணிக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறை வாசலிலிருந்து அண்ணனைத் தூக்கும் நேரத்தில், அண்ணனின் மகன், என் மருமகன், தோளில் சுமந்து சிதையைச் சுற்றி வர வேண்டிய மண்குடத்தை அண்ணி கையில் எடுத்துக்கொண்டார். தண்ணீரை மயானத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள் பெரியவர்கள்.

"நெருப்புக்கிட்டப் போறாருங்க," என்றார் அண்ணி. "தண்ணி நான்தான் புடிச்சுக் குடுப்பேன்."

பட்டறைக் குழாயில் நிரப்பி, மகன் தோளில் வைத்தார்.